2016இல் போட்ட கொன்சர்வேட்டரி: செலவுக் கணக்கும் ஓர் ஈரக்கறையும்

ஹேய்ஸில் புதிதாக வீடு வாங்கிய நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், பின்னுக்கு ஒரு கொன்சர்வேட்டரி போட யோசிக்கிறம். உனக்கு எவ்வளவு முடிஞ்சது?" கொன்சர்வேட்டரி என்றால் வீட்டோடு ஒட்டிக் கட்டுகிற கண்ணாடி அறை. 13,800 பவுண் என்று தட்டினேன், அனுப்பவில்லை. அது கொட்டேஷனில் இருந்த தொகை. முடிந்த தொகை வேறு, அதுவும் இன்னும் முடிந்தபாடில்லை. போன மாதம்கூட அதே சுவருக்கு ஒரு வேலை செய்வித்துக் காசு கொடுத்தேன். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன், கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வடமேற்கு லண்டனில் ஹரோவில், 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கம் மட்டும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. கொன்சர்வேட்டரி எட்வர்டியன் வகை, அதாவது வளைவு நெளிவு இல்லாத நேரான சதுரப் பெட்டி. இடுப்பளவு செங்கல், அதற்கு மேல் யுபிவிசி பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும், கூரைக்குப் பொலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் தகடு. மூன்றரை மீட்டர் அகலம், வீட்டிலிருந்து மூன்று மீட்டர் வெளியே. ஏன் மூன்று என்றால், செமிக்குப் பின்னால் அவ்வளவு தூரம்வரை பொதுவாகப் பிளானிங் அனுமதி கேட்காமல் கட்டலாம், தனி வீட்டுக்கு நாலு. அதைத் தாண்டினால் கவுன்சிலுக்கு முன்கூட்டி அறிவித்து, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்க வேண்டும்.

விற்க வந்தவர் 22,000இல் தொடங்கினார். தேத்தண்ணி குடித்தார், மனேஜரோடு போனில் கதைத்தார், மறுபடி தேத்தண்ணி குடித்தார், இன்றிரவே கையெழுத்து வைத்தால் 13,800, வாட் வரியும் உள்ளே என்றார். டபுள் கிளேசிங் விற்க வருபவர்களை ஒருமுறையாவது சோபாவில் இருத்தி வைத்தவர்களுக்கு இந்த நாடகம் தெரியும். ஒரே இரவில் எட்டாயிரம் குறைகிறது என்றால் முதலில் சொன்ன விலை என்ன விலை என்று மனைவி அவர் முன்னாலேயே தமிழில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சில்லறைச் செலவுகள். எங்கள் பின்வளவில் ஒரு மேன்ஹோல் இருக்கிறது. இரண்டு வீட்டுக் கழிவும் சேர்ந்து போகும் குழாய். 2011 அக்டோபர் முதலாம் தேதியிலிருந்து இப்படிப் பங்கிட்டுப் பாவிக்கும் குழாய்கள் தண்ணீர்க் கொம்பனியின் பொறுப்புக்குப் போய்விட்டன. ஆகவே குழாயிலிருந்து மூன்று மீட்டருக்குள் கட்டினால் அவர்களிடம் ஒப்புதல் எடுக்க வேண்டும், மூடியை வீட்டுக்குள் வைத்துக் கட்டவும் விடமாட்டார்கள். அதை வெளியே நகர்த்த, கட்டணத்தோடு 1,150. வயரிங் 680. கொட்டேஷனில் 'தரை' என்று இருந்தது வெறும் கொங்கிறீட், அதை மட்டம் செய்து ஓடு பதிக்க 900. வெயிலை மறைக்கிற பிளைன்ட் 1,870! கூரைக்குத் தைக்கிற பிளைன்ட் என்றால் ஒவ்வொரு துண்டும் முக்கோணமாகவோ சரிவாகவோ இருக்கும், கடையில் ரெடிமேடாகக் கிடைக்காது, அவர்கள் சொன்னதுதான் விலை. முதல் கோடையிலேயே பிளைன்ட் இல்லாமல் அங்கே நிற்க முடியாது என்பது விளங்கிவிடும், அதனால் பேரம் பேசவும் தென்பிருக்காது. ஆக, முதல் வருடத்திலேயே 18,400.

இதெல்லாம் எந்தக் கட்டட வேலையிலும் வருவதுதான். நான் சொல்ல வந்தது வேறு. இங்கிலாந்தில் கொன்சர்வேட்டரி ஏன் வீட்டைச் செங்கலால் நீட்டிக் கட்டுகிற எக்ஸ்டென்ஷனைவிட மலிவு? கண்ணாடி மலிவு என்பதால் இல்லை. அதற்குக் கட்டட விதிகளிலிருந்து விதிவிலக்கு இருக்கிறது. நிலமட்டத்தில் இருக்க வேண்டும், 30 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் அதற்கும் நடுவில் வெளிக்கதவுத் தரத்தில் ஒரு கதவோ சுவரோ நிற்க வேண்டும், அதன் ஹீட்டிங்கைத் தனியாக நிறுத்தவும் கூட்டவும் முடிய வேண்டும். இவ்வளவும் சரி என்றால் கண்ணாடியின் பாதுகாப்பையும் மின்வேலையையும் தவிர வேறு எதையும் யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். விற்பவர் இதை ஒரு வரப்பிரசாதம்போலச் சொல்வார், "இன்ஸ்பெக்ஷன் தலையிடியே இல்லை" என்று. உண்மைதான், அவருக்குத் தலையிடி இல்லை. அத்திவாரம் எவ்வளவு ஆழம், கூரை குளிரைத் தாங்குமா, சுவருக்குள் போகிற தண்ணீர் எங்கே இறங்கும் என்று கேட்க ஓர் ஆள் இல்லாததால் மிச்சமான காசுதான் அந்த மலிவு விலை. பிறகு அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக வானிலை வந்து கேட்கிறது.

கோடை முதலில் கேட்டது. 2022 ஜூலை 19ஆம் தேதி ஹீத்ரோவில் 40.2 பாகை. அன்றைக்கு எங்கள் கொன்சர்வேட்டரியில் என்ன வெப்பம் என்று பார்க்க உள்ளே போகவே யாரும் தயாரில்லை, கதவை இழுத்து மூடிவிட்டு அது வேறு யாருடைய வீடோபோல இருந்தோம். மூன்று மாதம் கழித்துக் கரண்ட் ஒரு யூனிட் 34 பென்ஸ் ஆனது. அந்த விலைக்கு ஒரு இரண்டு கிலோவாட் ஹீட்டரை ஒரு மணித்தியாலம் போட்டால் 68 பென்ஸ், மாலையில் ஐந்து மணித்தியாலம் போட்டால் மாதம் நூறு பவுண். பத்துச் சதுர மீட்டருக்கு! மழைக்குச் சத்தம் வேறு. பொலிகார்பனேட்டில் மழை விழுந்தால் ஊரில் தகரக் கொட்டகைக்குள் இருப்பதுபோல இருக்கும், டிவி கேட்காது, போன் கேட்காது. அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கும்.

அம்மாவுக்குப் பிடித்தது சத்தம் மட்டும் இல்லை. நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். பெப்ரவரியில் வெயில் எறிக்கிற நாள் ஒன்று வரும், வெளியே ஆறு பாகை, நிலம் உறைந்து கிடக்கும், உள்ளே ஒரு ஹீட்டரும் இல்லாமல் இருபதைத் தொட்டுவிடும். லண்டன் குளிர்காலத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கிற ஒரே சூடு அது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டு, காலை நீட்டி, ஊர்ப் பத்திரிகை வாசிப்பா. மூலையில் கறிவேப்பிலை. இந்த நாட்டில் கறிவேப்பிலை வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஒக்டோபரில் உள்ளே கொண்டுவராவிட்டால் குச்சிதான் மிஞ்சும், உள்ளே கொண்டுவந்தாலும் வெளிச்சம் போதாமல் இலை கொட்டும். எங்கள் மரம் அந்த மூலையில் கூரையைத் தொடுமளவுக்கு வளர்ந்தது. கோயிலடியில் சந்திக்கிற ஆட்கள்கூட "கறிவேப்பிலை இருக்கோ?" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். 18,400 பவுணுக்கு ஒரு கறிவேப்பிலை மரம் என்று நான் பகிடி பண்ணுவேன், மனைவி சிரிக்கமாட்டாள்.

2023இல் கூரையை மாற்றினோம். பொலிகார்பனேட்டைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷன் வைத்து மேலே மெல்லிய ஓடு போட்ட மூடிய கூரை, 10,200. கூரை மூடிவிட்டால் பழைய விதிவிலக்கு இல்லை, கட்டட விதிகளின்படி அனுமதி எடுக்க வேண்டும். ஆக, கட்டி ஏழு வருடம் கழித்துத்தான் முதன்முதலாக ஒரு ஆய்வாளர் வந்தார், முதல் வேலையாக மூலையில் ஒரு குழி தோண்டச் சொன்னார். அத்திவாரம் அரை மீட்டர்கூட இல்லை. வடமேற்கு லண்டனில் பெரும்பாலும் களிமண், காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். புதிதாகச் செங்கலில் கட்டுவதென்றால் இந்த மண்ணில் ஒரு மீட்டராவது தோண்டாமல் விடமாட்டார்களாம், மரம் பக்கத்தில் இருந்தால் இன்னும் கீழே. 2022 வறட்சியில் வீட்டுச் சுவருக்கும் கொன்சர்வேட்டரிக்கும் நடுவில் ஒரு பவுண் குற்றி நுழையும் அளவுக்கு வெடிப்பு வந்ததன் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எஞ்சினியர் ஒருவர் கணக்குப் போட்டு, எடை குறைந்த ஓடு என்றால் தாங்கும் என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் விலையும் 10,200க்குள் இருக்கிறது.

இப்போது மழை கேட்பதில்லை. ஜனவரியிலும் போய் இருக்கலாம், ஒரு சின்ன ரேடியேட்டர் போதும். எல்லாம் சரி, ஆனால் வெளிச்சம் போய்விட்டது. பின்னால் இருக்கும் ஹோலில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது, பெப்ரவரி வெயில் பக்கவாட்டுக் கண்ணாடியால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது, கறிவேப்பிலை முதல் குளிர்காலத்திலேயே பாதி இலையைக் கொட்டிவிட்டது. அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, பத்திரிகையை முன்ஹோலில் வாசிக்கத் தொடங்கினா. அந்தச் சத்தக் கூரையை ஏழு வருடம் திட்டினேன். இப்போது யாராவது ஓட்டுக் கூரையைப் பார்த்து "நல்ல வடிவாயிருக்கு" என்றால் கோபம் வருகிறது.

சரி, ஈரக்கறைக்கு வருவோம்.

கொன்சர்வேட்டரிக்குள் நின்று வீட்டுப் பக்கம் பார்த்தால் கதவுக்கு மேலே ஒரு சுவர் தெரியும். முன்பு அது வீட்டின் வெளிச்சுவர். முதல் குளிர்காலத்திலேயே அதில் கைக்குட்டை அளவில் ஒரு மஞ்சள் கறை. பெயின்ட் அடித்தால் காய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து காற்றோடு மழை அடித்தால் மறுநாள் திரும்பி வரும். பத்து வருட உத்தரவாதம் இருந்தது. கொட்டேஷன் தந்த கொம்பனி முதலில் ஒரு பையனை அனுப்பி சிலிக்கோன் பூசியது. பிறகு கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியைச் சுத்தம் செய்தது. பிறகு, நீங்கள் சமைக்கிற ஆவிதான் சுவரில் படிகிறது, அங்கே உடுப்புக் காயப்போடாதீர்கள் என்று ஓர் ஆள் வந்து அறிவுரை சொன்னார். எங்கள் சமையலில் ஆவி வருவது உண்மைதான், ஆனால் அது தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் மட்டும் வருமா? அதற்குப் பிறகு கொம்பனியே இழுத்து மூடப்பட்டது. அதோடு பத்து வருட உத்தரவாதம் ஒரு வடிவான கடதாசி. வேறு ஆட்கள் வந்தார்கள், கூரை சுவரில் சேரும் இடத்து ஈயத் தகட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். கறை வந்தது. கூரை மாற்றினபோது இனி வராது என்று அடித்துச் சொன்னார்கள். வந்தது.

கடைசியில் ஒரு வயதான மேசன். உள்ளே வரவேயில்லை, பின்வளவில் நின்று மேல்மாடிச் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "கேவிட்டி ட்ரே வைத்தார்களா?" அது என்ன என்று கேட்டேன். இந்த வகைச் சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் வெற்றிடம். மழை அடித்தால் வெளிச் செங்கல் தண்ணீர் குடிக்கும், அது உட்பக்கத்தால் கீழே இறங்கும், அப்படி இறங்குவதற்காகத்தான் அந்த வெற்றிடமே. முன்பெல்லாம் நிலத்தடியில் போய்ச் சேர்ந்தது. கொன்சர்வேட்டரி ஒட்டிய பிறகு அதே வெளிச் செங்கலின் கீழ்ப்பாதி அறைக்குள் இருக்கிற சுவர், ஆகவே மேலே குடித்த தண்ணீர் அறைக்குள் வந்து நிற்கிறது. கூரை சேரும் கோட்டுக்கு மேலே சுவருக்குள் ஒரு தட்டுச் செருகி, தண்ணீரைச் சின்னத் துளைகளால் வெளியே கூரைமேல் தள்ள வேண்டும். ஈயத் தகடு வெளியே வழிகிற தண்ணீரைத்தான் பிடிக்கும், சுவருக்குள் இறங்குவதை எப்படிப் பிடிக்கும்? கட்டும்போதே செருகியிருந்தால் சில நூறு பவுணோடு முடிந்திருக்கும். இப்போது செங்கலை இரண்டு மூன்றாகக் கழற்றிக் கழற்றிச் செருக வேண்டும், புதிய கூரையின் ஓரத்தையும் பிரித்துப் போட வேண்டும். போன மாதம் அதைத்தான் செய்வித்தேன், 1,500.

கூட்டினால் 30,100. இரண்டு வீடு தள்ளி இருக்கும் குஜராத்திக் குடும்பம் அதே 2016இல் ஏறத்தாழ இதே அளவில் செங்கல் எக்ஸ்டென்ஷன் கட்டியது, 28,000 என்றார்கள். அவர்கள் வீட்டில் கறை கிடையாது. கறிவேப்பிலையும் கிடையாது, எங்களிடம்தான் வாங்குகிறார்கள்.

நண்பனுக்கு நான் எழுதியது இதுதான். முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டு, நூறு பவுணுக்கு மேல் முப்பதாயிரம் வரைக்கும் விலை உள்ள வேலை என்றால் கார்ட் கொம்பனிக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறுப்பு உண்டு, கட்டியவன் ஓடினாலும் அவர்களைப் பிடிக்கலாம். உத்தரவாதம் இன்சூரன்ஸ் கொம்பனி பின்னால் நிற்கிற வகையா என்று கேள். நடுக்கதவைக் கழற்றி ஹோலோடு சேர்த்துப் பெரிதாக்கலாம் என்று மைத்துனர் யாராவது சொல்வார், கேட்காதே. கதவு போனால் விதிவிலக்கும் போகும், வீடு விற்கும்போது நிரப்புகிற படிவத்தில் கொன்சர்வேட்டரி போட்டீர்களா என்று தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது. கூரைக்கு நல்ல கண்ணாடி போடு, விலை கூடத்தான், ஆனால் ஓடு போடாதே.

"அப்ப போடச் சொல்லுறியோ, வேண்டாமெண்டுறியோ?" என்று திருப்பிக் கேட்டான். இரண்டு கிழமைக்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், கணக்கும் அதைத்தான் சொல்கிறது. நேற்று முழுக்கத் தென்மேற்குக் காற்றோடு மழை. காலையில் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. "போடு" என்று அனுப்பினேன். கொட்டேஷனில் கேவிட்டி ட்ரே என்று ஒரு வரி இல்லையென்றால் கையெழுத்து வைக்காதே என்று அடுத்த மெசேஜில் அனுப்பினேன்.