ஹேவ்லாக்கா, மாலத்தீவா? ஒரு குன்னூர்க்காரனின் கணக்கு

நீரோட்டம் உள்ள பவளப்பாறையில் ஸ்கூபா என்றால், நம் மலையில் இரண்டு பெயர்கள்தான் பேச்சில் அடிபடும்: அந்தமானின் ஹேவ்லாக், இல்லாவிட்டால் மாலத்தீவு. இரண்டிலும் இறங்கிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு ஹேவ்லாக்குக்கு.

விசா ஒரு பிரச்சினையே இல்லை. மாலத்தீவில் இறங்கியதும் இலவசமாகவே கொடுத்துவிடுகிறார்கள். செலவு அங்கேதான் அதிகம், அதுவும் படகிலேயே தங்கினால் சொல்லவே வேண்டாம். சுறாவும் மாண்டா திருக்கையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மாலத்தீவுக்கே போங்கள், அந்தமான் அதற்கு ஈடாகாது. பவளம் வெளுத்த சோகம் இரண்டு பக்கமும் உண்டு: அந்தமானில் 2010, மாலத்தீவில் 1998, பிறகு 2016.

என்னை முடிவெடுக்க வைத்தது நீரோட்டம்தான். மாலத்தீவில் தீவுகள் வளையம் வளையமாக இருக்கின்றன. பெருங்கடல் தண்ணீர், வளையத்தின் இடையிலுள்ள கால்வாய்கள் வழியாகப் புகுந்து வெளியேறுகிறது. சுறாக்கள் கால்வாய் வாயில் நிற்பதே அந்த ஓட்டத்துக்காகத்தான். அதனால் ஓட்டத்தைத் தவிர்த்தால் அங்கே பாதி டைவ் கிடையாது. மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் குதித்து, நிற்காமல் கீழே இறங்கி, ஓட்டம் இழுக்காமலிருக்கப் பாறை விளிம்பில் கொக்கியை மாட்ட வேண்டும். கொஞ்சம் தயங்கினாலும் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். 20 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஆவதைப் போல மூன்று மடங்கு காற்று செலவாகும். பதறிக் காலை உதைத்தால் சிலிண்டர் கண்ணெதிரே காலியாகும். எப்போதாவது கடலைப் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பதற்றம் வராமல் இருக்காது.

ஹேவ்லாக்கிலும் ஜாக்சன்ஸ் பார், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களில் ஓட்டம் சாதாரணமில்லை. ஆனால் கட்டிய போட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம். கொடியில் காயும் வேட்டி மாதிரி உடம்பு படுக்கையாகப் பறக்கும். மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் காதை உரசிப் பின்னால் ஓடும். சரிப்படாது என்று டைவ் மாஸ்டர் கட்டைவிரலை மேலே காட்டினால், ஏறிவிட்டு, ஆழமில்லாத நெமோ ரீஃப் பக்கம் போய்விடலாம். அன்றைய நாள் வீணாகாது.

அப்புறம், நாள் பார்த்துப் போகும் வசதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்ற இறக்கம் பெரிது, ஓட்டமும் கடுமை. அஷ்டமி, நவமி வாக்கில் தணியும். வீட்டிலோ அஷ்டமியில் கிளம்பவே விடமாட்டார்கள், அதனால் சஷ்டிக்கே பெட்டியைக் கட்டிவிடுகிறேன். மாலத்தீவில் பருவக்காற்றும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளுவதால் காலண்டர் மட்டும் கைகொடுக்காது. நான் பார்த்தது மாலே சுற்றுவட்டாரம்தான். தெற்கே உள்ள தீவுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

பல டைவ் செய்துவிட்டு விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்; ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்தால் ஆபத்து. ஹேவ்லாக்கில் கப்பல் பிடித்துப் போர்ட் பிளேர் வந்து ஓர் இரவு தங்குவதற்குள் அது பெரும்பாலும் கழிந்துவிடும். மலைக்காரர்களுக்கு இன்னொன்று: ஊட்டி 2,240 மீட்டர், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு உரியதுதான். ராமேஸ்வரம் பக்கம் டைவ் செய்துவிட்டுக் காரில் வருகிறவர்கள், விமானம்தான் இல்லையே என்று அன்று ராத்திரியே காட் ரோடு ஏறாமல், மேட்டுப்பாளையத்தில் படுத்துவிட்டு மறுநாள் மதியத்துக்கு மேல் ஏறட்டும்.