தீச்சுடரா, ஸ்காலப்பா: 1932 ஃபோர்டுக்கு எந்த அலங்காரப் பூச்சு பொருந்தும்?

1940-களிலும் 1950-களிலும் தென் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்ப்பதற்காக இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்து, எடையைக் குறைத்து, இன்ஜினை முடுக்கி உருவாக்கிய ‘ஹாட் ராட்’ வண்டிகளின் வழியில் இன்று ஒன்றைக் கட்டுபவருக்கு, இன்ஜினைவிடவும் அதிகத் தயக்கம் தருவது பெயின்ட்தான். இன்ஜினில் செய்த தவறு பானெட்டுக்குள் மறைந்துவிடும். பெயின்ட்டில் செய்த தவறு தெருவில் போகிறவர் கண்ணிலும் படும். எனவே ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: மட்கார்டுகள் கழற்றப்பட்ட 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத திறந்த கார். அதை 1957 வாக்கில் முடிக்கப்பட்ட வண்டியைப் போலத் தோன்றச் செய்வதே நோக்கம் என்று கொள்வோம். அந்த ஆண்டை முதலிலேயே முடிவுசெய்துகொண்டால், பாதித் தேர்வுகள் தாமாகவே விலகிவிடும்.

பலரும் முதலில் கேட்பது தீச்சுடர் ஓவியம். ரேடியேட்டர் கூட்டின் விளிம்பில் தொடங்கி, பானெட்டின் மேலும் பக்கங்களிலும் பின்னோக்கி ஓடி, நீண்ட மெல்லிய நுனிகளாக முடியும் இந்த வடிவத்தின் உயிர், நாக்குகளைவிட அவற்றுக்கு இடையே விடப்படும் வெற்றிடத்தில் இருக்கிறது. நீர்த்துளி போல அடியில் உருண்டு, பின்னோக்கிச் சுருங்கும் அந்த இடைவெளிகள் ஒரே சீராக அமையாவிட்டால், சுடர் நண்டுக் கொடுக்கைப் போலத் தடித்துப் போகும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலமுள்ள, வளைவில் மடங்காத பிளாஸ்டிக் டேப்பால் கோட்டை இட்டு, உள்ளே முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், ஆரஞ்சு, நுனியில் சிவப்பு என ஒன்றோடொன்று கரையுமாறு ஸ்ப்ரே செய்வது வழக்கம். டேப்பை உரித்ததும் ஓரத்தில் நிற்கும் மெல்லிய படியை மறைக்க, அதன் மேல் பின்ஸ்ட்ரைப் எனப்படும், பிரஷால் இழுக்கும் மெல்லிய கோடு ஒன்றை ஓட்டுவார்கள்.

இந்த ஓவியம் மிக அழகாக அமர்ந்த இடம் 1940 ஃபோர்டு. சான் டியேகோவைச் சேர்ந்த பாப் மக்காயின் 1940 செடானை இந்தத் துறையில் ஆர்வமுள்ளவர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குக் காரணம், அந்த மாடலின் உருண்ட மூக்கும் பருத்த மட்கார்டுகளும் சுடருக்குத் தடையில்லாத பரப்பைத் தருகின்றன என்பதே. 1932 ரோட்ஸ்டரின் நிலைமை அப்படியில்லை. அதன் பானெட் தட்டையான பலகைகளால் ஆனது. பக்கப் பலகைகளில் வெப்பம் வெளியேறுவதற்கான செங்குத்துக் கீற்றுகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கீற்றுகளின் மேல் வளைவான டேப்பைப் படிய வைப்பது கடினம்; படியாத இடத்தில் பெயின்ட் உள்ளே கசிந்துவிடும். இன்ஜின் தெரிய வேண்டும் என்று பக்கப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவராக இருந்தால், சுடரின் நடுப்பகுதியே காணாமல் போய், எஞ்சியது எங்கிருந்து வந்தது என்று புரியாத வால்களாக நிற்கும். சுடரை நான் மிகவும் விரும்புகிறேன். அதனாலேயே இந்த உடலில் அதைப் போட வேண்டாம் என்று சொல்கிறேன்.

ஸ்காலப் என்பது அதன் நேர் எதிர். அகன்ற அடியிலிருந்து கூரிய முனைக்கு நேர்க்கோட்டில் ஒடுங்கும் இந்த வடிவத்தை 1930-களின் பந்தய விமானங்களிலேயே காணலாம். 1932-இல் விமானி ஜிம்மி டூலிட்டில் தாம்சன் கோப்பை விமானப் பந்தயத்தை வென்ற ஜீ பீ விமானம், சிவப்பும் வெள்ளையுமான ஸ்காலப் வடிவங்களை அணிந்திருந்தது. ரோட்ஸ்டர் பிறந்த ஆண்டும் அதுவே என்பதால், இந்த இணைப்பு எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி தருகிறது. 1950-களின் பிற்பகுதியில் இளைஞராக இருந்த லாரி வாட்சன் போன்ற கார் பெயின்டர்கள் இதை மெலிந்து நீண்ட கோடுகளாக்கி, உரிமையாளர் விருப்பப்படி தோற்றம் மாற்றிய கஸ்டம் கார்களுக்குக் கொண்டுவந்தனர். 1932 ஃபோர்டின் இடுப்பைச் சுற்றி ஓடும் நீண்ட நேர் விளிம்பு, ஸ்காலப்பின் முனை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தானே காட்டிக் கொடுக்கிறது. நிறமும் இரண்டே போதும். கரைத்துப் பூச வேண்டியதில்லை என்பதால், பின்னாளில் கல் தெறித்துச் சிறு இடம் பெயர்ந்தாலும் அதே நிறத்தைக் கலந்து தொட்டுவிடலாம். சுடரில் ஆரஞ்சு சிவப்பாக மாறும் இடத்தில் பெயர்ந்தால், அந்த நாக்கு முழுவதையும் மீண்டும் அடிப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது.

ஆனால் ஸ்காலப் பிழையை மன்னிக்காது. சுடரில் இடப்பக்க நாக்கு வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் நீண்டால் அது உயிரோட்டம்போலத் தோன்றும். ஸ்காலப்பில் அதே வேறுபாடு கோணல் என்றே தெரியும். பானெட்டின் நடுவில் நீளவாக்கில் ஓடும் கீலை மையக்கோடாகக் கொண்டு, ஒவ்வொரு முனையையும் இரு பக்கமும் அளந்து குறித்த பிறகே டேப்பை எடுக்க வேண்டும். அடியில் பட்டி பார்த்து உப்புத்தாளால் தேய்த்த பரப்பு சற்றே அலைந்திருந்தாலும், நேர்க்கோடு அந்த அலையைக் காட்டிவிடும்.

இரண்டும் வேண்டாம் என்பவருக்குப் பின்ஸ்ட்ரைப் மட்டுமே போதும். 1932-இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோதே இந்தக் காரின் இடுப்பு விளிம்பில் மெல்லிய கோடு இருந்தது. குதிரை வண்டிக் காலத்து வழக்கத்தின் எச்சம் அது. வான் டச் என்று அறியப்பட்ட கென்னத் ஹோவர்டு 1950-களில் அந்தக் கோட்டை வளைத்து, எதிரெதிராகப் பின்னி, தனிக் கலையாக்கினார். அணில் முடியால் செய்த, வாள் போல ஒருபுறம் சரிந்த பிரஷும், பெயர்ப்பலகை எழுதுவோர் பயன்படுத்தும் ஒன் ஷாட் எண்ணெய் எனாமலும்தான் கருவிகள். கோடு ஈரமாக இருக்கும்போதே பிடிக்காவிட்டால் மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். வேறு எந்த அலங்காரத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. அதன் மேல் யூரித்தேன் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சை அடிக்கும் இன்றைய பழக்கத்தை நான் ஏற்கவில்லை. நன்கு காயாத எனாமல் அடியில் இருந்தால் சுருங்கிக் கெடும் அபாயம் இருப்பது ஒருபுறம். கையால் இழுத்த கோடு விரலுக்குச் சற்றே மேடாகத் தட்டுப்பட வேண்டும் என்பது மறுபுறம்.

கேண்டியையும் மெட்டல்ஃபிளேக்கையும் விரைவாகவே விலக்கிவிடலாம். வெள்ளி அல்லது தங்க நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தைப் பல அடுக்காக அடிக்கும் கேண்டி, 1950-களின் தொழில்நுட்பமே. கேண்டி ஆப்பிள் சிவப்பை உருவாக்கிய பெருமை கஸ்டம் கார்களைக் கட்டிய ஜோ பைலனுக்குத் தரப்படுகிறது. எனினும் ஒவ்வோர் அடுக்கும் நிறத்தை ஆழமாக்குவதால் ஓரிடத்தை மட்டும் சரிசெய்வது ஏறக்குறைய இயலாத காரியம், வெயிலில் நிறமும் வெளிறும். ஓட்டுவதற்காகக் கட்டிய மட்கார்டு இல்லாத வண்டியில் சக்கரம் எறியும் கல்லெல்லாம் உடலில்தான் வந்து விழும். மினுங்கும் துகள்கள் கலந்த மெட்டல்ஃபிளேக் 1960-களின் கொண்டாட்டம். 1957 என்று சொல்லிக்கொள்ளும் வண்டியில் அது பொய் பேசும்.

பளபளப்பே வேண்டாம் என்று பெயின்ட்டுக்கு அடியில் பூசும் சாம்பல் பிரைமரோடு நிறுத்துவதை மரபு என்று நம்புகிறவர்கள் ஏராளம். பிரைமர் அன்று பணமோ நேரமோ கிடைக்கும்வரையிலான இடைநிலையாகவே பெரும்பாலும் இருந்தது. மேலும், அது நுண்துளைகள் உள்ள பூச்சு. ஈரத்தை உறிஞ்சி அடித்தகட்டில் துருவைத் தொடங்கிவைக்கும். மங்கலான தோற்றம் கட்டாயம் வேண்டுமென்றால் அதற்கென விற்கும் மேட் பெயின்ட்டை அடிக்கலாம், ஆனால் கை உரசி ஓரிடம் பளபளத்துவிட்டால் பாலிஷ் போட்டுச் சமன்செய்ய முடியாது.

எனவே என் தேர்வு கறுப்பு உடல், வெள்ளை ஸ்காலப், அதன் ஓரத்தில் சிவப்புப் பின்ஸ்ட்ரைப், சிவப்புச் சக்கரங்கள். எதைத் தேர்ந்தாலும் இரண்டு பாகங்களாகக் கலக்கும் யூரித்தேனில் ஐசோசயனேட் என்ற தீங்கான வேதிப்பொருள் இருப்பதால், வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்கக் கூடாது. நுரையீரலுக்கு நேரும் ஒவ்வாமை பிறகு விலகுவதில்லை. டேப்பை ஒட்டியதும் பெயின்ட் கலக்க அவசரப்படாமல், வண்டியை வெளியே தள்ளி, இருபது அடி தள்ளி நின்று, மறுநாள் காலை ஒளியிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஸ்காலப்பின் நீண்ட முனை கதவு இடைவெளியைத் தொட்டுக்கொண்டு நின்றால் அதை இரண்டு அங்குலம் முன்னுக்கு இழுங்கள், அல்லது துணிந்து கதவின் நடுவரை கொண்டுபோங்கள். இடைவெளியின் விளிம்பிலேயே முடியும் முனை, அளக்கத் தவறியதைப் போலவே என்றைக்கும் தோன்றும்.