பொலிஸ் என்று எண்ண வைக்கும் காவல்: எட்டு மாத அனுபவம்

மட்டக்களப்பு திருமலை வீதியில் உள்ள எங்கள் புடவைக் கடைக்குத் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் சேவையை 8 மாதங்கள் பெற்றோம். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒருவரைக் குறை கூறுவதைவிட, காவலுக்கு ஆள் தேடும் மற்றக் கடைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே நோக்கம்.

ஆட்களைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. பகலில் இருவர், இரவில் ஒருவர் என 12 மணித்தியால முறையில் வந்தார்கள், நேரம் தவறியதில்லை. மாரி மழையில் பின்கதவால் தண்ணீர் ஏறிய ஓர் இரவில், எங்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு, நாங்கள் வந்து சேர்வதற்குள் கீழ்த்தட்டில் இருந்த துணிக்கட்டுகளில் பெரும்பகுதியை மேலே ஏற்றி வைத்திருந்தார் அவர்களில் மூத்தவர். அது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை.

குறை சீருடையில்தான். காக்கிச் சட்டை, தோள்பட்டி, அகன்ற இடுப்புப் பட்டி, கறுப்புச் சப்பாத்து, பொலிஸ் தொப்பியைப் பார்த்துச் செய்தது போன்ற தொப்பி. நிறுவனத்தின் பெயர் கைப்பகுதியில் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதை வாசிக்க ஒரு முழத் தூரத்துக்குள் வர வேண்டும். இரவில் பதிவேட்டைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளரின் ஜீப்போ பொலிஸ் வாகனம் போலவே கடும் நீலம். கூரையில் சுழல் விளக்கு வேறு. அது வந்து நின்ற முதல் இரவே எதிர்வீட்டு ஐயா கேற்றைத் திறந்து, “தம்பி, கடையில் களவு போய்விட்டதா?” என்று கேட்டார்.

இதனால் திருடன் பயப்படுவான் என்பது நிறுவனத்தின் வாதம். திருடன் பயந்தானோ இல்லையோ, எங்கள் வாடிக்கையாளர்கள் பயந்தார்கள். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்தே பாதி வாழ்நாளைக் கழித்த ஊர் இது. பேத்தியின் சாமத்தியச் சடங்குக்குப் புடவை எடுக்கப் படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா, வாசலில் காக்கியைக் கண்டதும் கைப்பையைத் திறந்து, “இந்தா மனே, ஐசி” என்று அடையாள அட்டையை நீட்டினார். காவலாளியும் கூசிப்போய், “வேண்டாம் அம்மா, உள்ளே போங்கள்” என்றார். அன்று எனக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை.

தீபாவளி வாரத்தில் நடந்ததுதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. நெரிசலைச் சீர்செய்யப் போன இளைய காவலாளி, வீதியின் நடுவில் நின்று ஒரு மோட்டார் சைக்கிளை மறித்து, சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டிருக்கிறார். வந்தவரும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படிக் கேட்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்று தன் கண்முன்னே நடந்தால், சாதாரணக் குடிமகன் எவரும் செய்தவரைப் பிடித்துத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைக்கலாம். காவலாளிக்கும் அவ்வளவுதான், சட்டை எந்த நிறமானாலும் அது கூடுவதில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் நிற்பவருக்கே அது மறந்துவிடுகிறது.

நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டேன். அரச ஊழியர் என்று பிறர் நம்ப வேண்டுமென்ற எண்ணத்தோடு அவரது உடையைப் போன்றதை அணிவது தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாக இருப்பதையும் குறிப்பிட்டேன். தமக்கு அத்தகைய எண்ணம் இல்லை, கைப்பகுதியில் பெயர் இருக்கிறதே என்று பதில் வந்தது. எண்ணம் இல்லையென்றால் அந்த எழுத்தைப் பெரிதாக்க என்ன தடை என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டோம்.

இப்போது வேறொரு நிறுவனத்தின் ஆட்கள் வெளிர்சாம்பல் சட்டையில் நிற்கிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்கள் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அமைச்சில் பதிவு செய்திருக்கிறார்களா, நடப்பு ஆண்டுக்கு அதைப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதை இம்முறை முதலிலேயே கேட்டேன். சீருடை அணிந்த ஆளையும் வாகனத்தையும் கடை வாசலுக்கு வரவழைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். வேலையில் இவர்கள் பழையவர்களை விடச் சற்று மந்தம்தான். அந்த மூத்தவரைத் தனியாக அழைத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.