மோரில் விழுந்த போனைக் கொன்றது மோர் இல்லை

பினாங்கில் நனைந்த போனை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் நழுவி டிரம்முக்குள் விழுந்தது. பத்து விநாடிக்குள் எடுத்துவிட்டேன், திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. "ஐபி68 போன்தானே, ஒன்றும் ஆகாது" என்றார் அண்ணன். ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாது என்று சோதித்துக் கொடுக்கும் தரக்குறி. அந்தச் சோதனையை நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். இது உப்புப் போட்ட மோர். என் போனோ முன்பே கீழே விழுந்து மூலை நசுங்கியது. உடனே அணைத்துவிட்டேன். வீட்டில் அத்தை அரிசிக்குள் புதைத்து வைத்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அதுதான். அரிசியில் வைக்காதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் சொல்லியிருப்பதை நான் பிறகுதான் படித்தேன்.

மறுநாள் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைக்குப் போனேன். "சரியாகலன்னா காசு வேணாம் அக்கா" என்றார் அங்கிருந்த தம்பி.

"போன் போனா போகட்டும் தம்பி. எங்கம்மா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் உள்ளே இருக்கு. அம்மா இப்போ இல்ல. அது மட்டும் வேணும். ஈரம் இருக்கும், ஆன் பண்ணிடாதீங்க" என்றேன்.

தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே சார்ஜரைச் செருகினார். "சும்மா செக் பண்றேன்." திரை ஒருமுறை மின்னி அணைந்தது. லேசாகத் தீய்ந்த வாடை வந்தது.

போனுக்குள் சிப்புகள் பதித்திருக்கும் பலகைதான் போர்டு. உப்பு ஈரம் இருக்கும் போர்டில் மின்சாரம் பாய்ந்தால் செம்பு அரிக்கும், இணையக்கூடாத இடங்கள் இணைந்து சிப் கருகும். முறையான வேலை வேறு: போனைத் திறந்து முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். போர்டின் மேலுள்ள தகர மூடிகளை எடுத்து, 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு நாள் பிந்தினாலும் அரிப்பு கூடும்.

அந்தக் கடையில் ஆறு நாள் கிடந்தது. முதலில் செக்கிங் 80 வெள்ளி (ரிங்கிட்). பிறகு "திரை போச்சு" என்று 280. அதன்பின் பேட்டரி 120. கடைசியில் "போர்டு அவுட் அக்கா". சரியாகாவிட்டால் காசு வேண்டாம் என்றீர்களே என்று கேட்டதற்கு, "சாமான் மாத்தியாச்சே, எப்படித் திருப்பித் தர்றது?" பழைய திரையைக் கேட்டேன், எறிந்துவிட்டார்களாம். ரசீதில் போன் மாடலும் 480 என்ற எண்ணும் மட்டும்தான். என் கடவு எண்ணை மட்டும் ஸ்டிக்கரில் பெரிதாக எழுதி போனின் முதுகில் ஒட்டியிருந்தார்கள்.

பட்டர்வொர்த்தில் இன்னொருவர் என் கண்முன்னாலேயே திறந்தார். தகர மூடிகளை யாருமே தொடவில்லை. அதற்கடியில் மோர் வெள்ளையாகக் காய்ந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. இரண்டு திருகாணிகளைக் காணோம். "மறுநாளே கழுவியிருந்தா வாய்ப்பு இருந்துச்சு" என்றார். மெமரி சிப்பை மட்டும் எடுத்துப் படிக்க முடியாதா என்று கெஞ்சினேன். அதிலுள்ளவை பூட்டப்பட்டவை, பூட்டைத் திறக்கும் சாவி போனின் மூளையான பிராசசர் சிப்புக்குள் இருக்கிறது, இரண்டும் உயிரோடு இருந்தால்தான் முடியும் என்று பொறுமையாக விளக்கினார். காசு வாங்கவில்லை.

ஆகவே கொடுக்கும்போதே "ஆன் செய்யக்கூடாது, சார்ஜ் செய்யக்கூடாது, கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆல்கஹாலில் கழுவுவீர்களா, எப்போது கழுவுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த மொட்டை ரசீதையும், கணவர் போனிலிருந்து கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும், பட்டர்வொர்த்தில் எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள்.

விசாரணை முடியாததால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று: அம்மா உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது மிச்சம் இருந்தால் அழித்துவிடாதீர்கள். "சாப்டியா" என்று கேட்டது மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, என் கணவரின் எண்ணுக்கு அனுப்பிவையுங்கள்.