கட் அண்ட் ரன் கிட்: மீன் கருவில் வேலை செய்பவர்களுக்காக

ஜீப்ரா மீன் கருவில் எந்தப் புரதம் குரோமாட்டினின் (டி.என்.ஏ.வும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த இழையின்) எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று பார்ப்பது என் வேலை. அதற்காக எங்கள் ஆய்வகம் வாங்கிய கட் அண்ட் ரன் கிட் பற்றித்தான் இந்த விமர்சனம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கருவுற்று 3 மணி நேரமான ஜீப்ரா மீன் கருவில் இருப்பது சுமார் 1000 செல்கள். அதுவரை தாய் முட்டையில் வைத்துவிட்டுப் போன ஆர்.என்.ஏ.வை நம்பி ஓடிய கரு, தன் சொந்த மரபணுக்களைப் பெரிய அளவில் இயக்கத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். பௌ5எஃப்3, சாக்ஸ்19பி, நானாக் என்ற மூன்று புரதங்கள் குரோமாட்டினில் ஒட்டி அதற்கு வழி திறக்கின்றன. புரதம் ஒட்டிய டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து வரிசை படிக்கும் பழைய சிப்-சீக் முறையில் இந்தக் கட்டத்தைப் பார்ப்பது பெரும்பாடு. லட்சக்கணக்கில் செல்களைத் திரட்டி, ஃபார்மால்டிஹைடில் பிணைத்து, ஒலி அலையால் நொறுக்கிய பிறகும், கையில் வரும் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி பின்னணி இரைச்சல்தான்.

கட் அண்ட் ரன் முறையை 2017-இல் ஸ்கீன், ஹெனிகாஃப் இருவரும் வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதன் எளிமை. உயிருள்ள செல்களைக் காந்த மணிகளில் பிடித்துவைத்து, டிஜிட்டோனின் கொண்டு சவ்வில் துளையிட்டு, நாம் தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை உள்ளே விடுகிறோம். ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துடன் இணைந்த எம்நேஸ் நொதி அடுத்துப் போகிறது. கால்சியம் சேர்த்ததும் அது நாம் தேடும் புரதத்தின் இருபக்கமும் டி.என்.ஏ.வை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட சின்னத் துண்டுகள் மட்டும் வெளியே மிதந்து வர, மற்றதெல்லாம் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். இரைச்சல் குறைவதற்குக் காரணம் இதுதான். சிப்-சீக்குக்கு 2 கோடி ரீடு (வரிசை படித்த டி.என்.ஏ. துண்டுகள்) கேட்கும் இடத்தில் இங்கே 50 லட்சம் போதும்.

எங்களுக்கு வந்த முதல் நல்ல வரைபடம் 24 மணி நேரக் கருவில் எச்3கே27 மும்மெத்தில் குறியைத் தேடியது. பாலிகோம்ப் கூட்டுப் புரதம் மரபணுக்களை அடக்கி வைக்கும்போது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் இடும் குறி அது. உடலின் முன்-பின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் ஜீப்ரா மீனில் 7 தொகுப்புகளாக இருக்கின்றன. அவை எல்லாவற்றின் மேலும் அகலமான மேடுகள் தெளிவாக எழுந்து நின்றன. இடைப்பட்ட பகுதிகள் சுத்தம். இவ்வளவு சுத்தமான தரவை மீன் கருவிலிருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் கையேடு முழுக்க வளர்ப்புச் செல்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கருவைப் பற்றி ஒரு வரி கிடையாது. மஞ்சள்கருவை நன்றாக நீக்காவிட்டால் மணிகள் திரண்டு கட்டியாகிவிடும். மணிகளின் மேல் இருக்கும் கான்கனவாலின் ஏ சர்க்கரையைப் பிடிக்கும் புரதம். மஞ்சள்கருப் புரதமான விட்டெல்லோஜெனினிலும் சர்க்கரை உண்டு என்பதால் இதில் வியப்பில்லை. இன்னொன்று, கான்கனவாலின் வேலை செய்யக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். கருவைத் தனித்தனிச் செல்களாகப் பிரிக்க நாம் போடும் ஈ.டி.டி.ஏ. அந்த இரண்டையும் பறித்துக்கொள்ளும். அதைக் கழுவி நீக்கிவிட்டுத்தான் மணிகளில் சேர்க்க வேண்டும். மீன் கருவில் வேலை செய்பவர்களுக்கு இந்த இரண்டு குறிப்பும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை.

கிட் பரிந்துரைக்கும் அளவு 5 லட்சம் செல்கள். 3 மணி நேரக் கருவில் அதற்கு 500 கருக்கள் தேவை. ஒரே காலையில் பல ஜோடிகளை இனச்சேர்க்கைக்கு விட்டால் கிடைத்துவிடும். ஹிஸ்டோன் குறிகளுக்கு அதைவிட மிகக் குறைவாகவே போதும்.

பெரிய தடை கிட்டுக்கு வெளியே இருக்கிறது: ஆன்டிபாடி. ஹிஸ்டோன்கள் முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் மனிதனுக்காகச் செய்த ஆன்டிபாடி மீனிலும் பிடிக்கும். மற்ற புரதங்களுக்கு இந்த நம்பிக்கை வைக்க முடியாது. சி.டி.சி.எஃப். புரதத்தில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் 11 துத்தநாக விரல்கள் என்ற பகுதிகள் மாறாமல் இருந்தாலும், ஆன்டிபாடி அடையாளம் காணும் பகுதி புரதத்தின் ஓரங்களில் இருந்தால் மீனில் ஒட்டாமல் போகலாம். வாங்குமுன் அது எந்தத் துண்டை வைத்துச் செய்யப்பட்டது என்று நிறுவனத்திடம் கேட்டு, மீனின் வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் மரபணுவிலேயே ஒரு குறிச்சொல்லை (அடையாளத்துக்கான சிறு புரதத் துண்டை) இணைத்து, அதற்கான ஆன்டிபாடியைப் பயன்படுத்துவதே வழி.

வரைபடம் கிடைத்ததும் அந்தப் புரதம்தான் அந்த மரபணுவைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதிவிட வேண்டாம் என மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மேலே சொன்ன எச்3கே27 மும்மெத்தில் குறியை இடும் ஈ.இசட்.ஹெச்.2 நொதி தாயிடமிருந்தும் வராமல், கருவிலும் இல்லாமல் போன ஜீப்ரா மீன்கள் உண்டு. அவற்றுக்குக்கூட உடலமைப்பு ஏறக்குறைய சரியாகவே உருவாகிறது. 2 நாள் வாக்கில்தான் இறக்கின்றன. குறியின் வரைபடத்தை மட்டும் பார்த்தவர் இதை ஊகித்திருக்க மாட்டார். ஆகவே கிட்டோடு சேர்த்து, அந்தப் புரதம் இல்லாத கருவையும் அதன் ஆர்.என்.ஏ. அளவீட்டையும் திட்டத்தில் வையுங்கள்.

நல்ல ஆன்டிபாடி கையில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியவர்கள் 2019-இல் வந்த கட் அண்ட் டேக் முறைக்கான கிட்டைப் பார்ப்பது நல்லது.