மெழுகு உருக்க எது நல்லது: மின்சார உருக்கியா, வெந்நீர்ப் பாத்திரமா?

வீட்டில் மெழுகுவத்தி செய்யத் தொடங்கும் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும்.

செலவு: வெந்நீர் முறைக்கு (கொதிக்கும் தண்ணீரில் சொம்பை வைத்து, அதில் மெழுகை உருக்குவது) ஒரு பெரிய பாத்திரமும் பழைய எவர்சில்வர் சொம்பும் போதும், வீட்டிலேயே இருக்கும். உருக்கிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

சூடு: பெரிய வித்தியாசம் இங்கேதான். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகு கருகாது. ஆனால் அடுப்பைக் கூட்டிக் குறைத்து, தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். சோயா மெழுகில் வாசனை எண்ணெயை 85 டிகிரி வாக்கில் கலப்பது வழக்கம். உருக்கியில் அந்தச் சூட்டை வைத்துவிட்டால் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அது காட்டும் அளவை மட்டும் நம்பாமல், தனித் தெர்மாமீட்டரும் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர்: வெந்நீர் முறையில் ஒரு சொட்டு மெழுகில் விழுந்தாலும், பிறகு வத்தியை ஏற்றும்போது திரி படபடவென்று பொரியும். உருக்கியில் அந்தத் தொல்லையே இல்லை.

சுத்தம்: சொம்பு சூடாக இருக்கும்போதே துடைத்தால் முடிந்தது. உருக்கியின் குழாயில் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும். ஹேர் டிரையர் காட்டினால் இளகும்.

மாதம் நாலைந்து வத்தி என்றால் சொம்பே போதும். ஒரே நாளில் 5 கிலோ ஊற்றுபவர் உருக்கியை வாங்கிவிடலாம். எதுவானாலும் உருகும் மெழுகை விட்டு நகராதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடி போட்டு அணையுங்கள்.