சொல்லின் வாலை மறைக்கும் விசைப்பலகை

கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்தின் அறிவித்தல்களைக் கைத்தொலைபேசியில் தட்டெழுதி வட்ஸ்அப்பில் அனுப்பும் பொறுப்பு என்னுடையது என்பதால், இலவசமாகக் கிடைக்கும் அண்ட்ரொயிட் தமிழ் விசைப்பலகை ஒன்றை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்னும் விசையமைப்பும், ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழைப் பெறும் முறையும் அதில் உள்ளன. விசைகளும் விரலுக்கு நன்றாகவே அகப்படுகின்றன. எனக்குள்ள குறையெல்லாம் விசைகளுக்கு மேலே ஓடும் சொற்பரிந்துரைப் பட்டையைப் பற்றியதுதான்.

அப்பட்டை ஒரு நேரத்தில் மூன்று சொற்களைச் சம அகலமுள்ள மூன்று கட்டங்களில் காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அது பெரும்பாலும் போதும். தமிழிலோ வேற்றுமையுருபும் காலமும் எதிர்மறையும் சொல்லின் இறுதியில் வந்து ஒட்டிக்கொள்வதால், ஒரே அடியிலிருந்து கிளைக்கும் சொற்களைப் பிரித்தறிய உதவுபவை கடைசியில் நிற்கும் சில எழுத்துகளே. ‘யாழ்ப்பாண’ வரை அடித்தவுடன் யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்திற்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ஆகிய மூன்றையும் இவ்விசைப்பலகை சரியாகவே ஊகித்துவிடுகிறது. ஆனால் இடம் போதாமல் மூன்றையும் ‘யாழ்ப்பாணத்…’ என்று வெட்டி, ஒரே முகம் கொண்ட மூவரைப் போல நம்முன் நிறுத்துகிறது. எதைத் தொட்டால் எது வரும் என்பது தொட்ட பிறகுதான் தெரியும். இடப்பெயரில் இது வெறும் எரிச்சல். ‘நடைபெறவுள்ளது’, ‘நடைபெறவில்லை’ ஆகிய இரண்டும் ‘நடைபெற…’ என அடுத்தடுத்து நிற்கும்போது, பொதுக்கூட்ட அறிவித்தல் எழுதுபவருக்கு அது விளையாட்டன்று.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாது. சொல்லின் நடுப்பகுதியைச் சுருக்கி, முதலும் முடிவும் தெரியும்படி செய்யலாம். அதைவிட, நாம் ஏற்கெனவே அடித்த பகுதியை விட்டுவிட்டு ‘த்தில்’, ‘த்திற்கு’, ‘த்திலிருந்து’ என்று எஞ்சிய ஈறுகளை மட்டும் காட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். அடித்தது எப்படியும் மேலே எழுதும் பெட்டியில் கண்முன் இருக்கிறது. குறைந்தபட்சம், நீண்ட சொற்கள் வரும்போது மூன்றுக்குப் பதிலாக இரண்டைக் காட்டினாலே போதுமானது.

அடுத்தது எழுத்தின் அளவு. கைத்தொலைபேசியின் பொது அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் மற்றையவை எல்லாம் பெரிதாகின்றன, இப்பட்டை மட்டும் அசையாமல் இருக்கிறது. விசைப்பலகையின் உயரத்தைக் கூட்டினாலும் விசைகள்தான் வளர்கின்றன. வெளிர்சாம்பல் பின்னணியில் அதைவிடச் சற்றே கருமையான எழுத்துகள். நண்பகல் வெயிலில் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் நின்றபடி பார்த்தால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று சுழி எண்ணிப் பிரிப்பது இளங்கண்களுக்கே சிரமம். மெய்யெழுத்தின் புள்ளி சில வேளைகளில் பட்டையின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டும் போகிறது. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடைவெளி விசையைத் தட்டினால் எந்தச் சொல் பதிவாகும் என்பதும் இங்கே தெளிவாக இல்லை. நடுக்கட்டத்துச் சொல்லே தானாக நுழைகிறது. அதை உணர்த்துவதற்கு அச்சொல்லை இம்மியளவு தடிப்பாக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. ஐபோனில் நாம் அடித்ததை மேற்கோள் குறிகளுக்குள் தனியே காட்டுவதுண்டு. அது போன்ற ஓர் அடையாளமாவது இங்கு இருந்திருக்க வேண்டும். ‘வெளிக்கிடுகினம்’ (புறப்படுகிறார்கள்) என்று எங்கள் பேச்சுவழக்கில் எழுத முனைந்தால் நடுக்கட்டத்தில் ‘வெளியிடுகிறோம்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆயினும், சில முறை பிடிவாதமாக எழுதியபின் நம் சொல்லைக் கற்றுக்கொள்கிறது என்பதையும், வேண்டாத பரிந்துரையை அழுத்திப் பிடித்து நீக்கலாம் என்பதையும் பாராட்டத்தான் வேண்டும்.

குறுஞ்செய்தி எழுதும் இளையோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அறிவித்தலோ விண்ணப்பமோ எழுதுபவர்கள் பட்டையை நம்பாமல் சொல்லை முழுதாக அடிப்பதே மேல். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நிறுவிக் கொடுப்பவர்கள், தானாகத் திருத்தும் வசதியை அமைப்புப் பகுதியில் முதலில் நிறுத்திவிட்டுக் கொடுக்கவும். பரிந்துரைகள் தொடர்ந்து தோன்றும், ஆனால் தொடாத சொல் எதுவும் உள்ளே நுழையாது.